பனிப்புயலில் மின்சாரம் நின்று மக்கள் இறந்தால் அரசு பொறுப்பாகுமா?

கேள்வி கேட்டவர் 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நடந்ததை எடுத்துக்காட்டுகிறார். பனி இயற்கை, மின்சாரம் தனியார் வியாபாரம், இதில் அரசை எப்படிக் குற்றம் சொல்வது என்று கேட்கிறார். மலேசியாவில் அப்படி ஒன்று நடக்குமா என்பது அவருடைய இரண்டாவது கேள்வி.

முதல் கேள்விக்கு என் பதில்: பொறுப்பாகும். பனி பெய்ததற்காக யாரும் அரசைக் கூண்டில் ஏற்ற முடியாது. இப்படிப் பனி பெய்தால் இன்னின்ன குழாய்கள் உறையும் என்று பத்து ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தில் எச்சரித்திருந்தும், எவரையும் எதையும் செய்யும்படி கட்டாயப்படுத்தாமல் இருந்ததற்காக ஏற்றலாம்.

நான் பினாங்கில், பிறைத் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் சார்ஜ்மேனாக, அதாவது மின்சாதனங்களுக்குப் பொறுப்பாளனாக, இருந்து ஓய்வு பெற்றவன். 11 கிலோவோல்ட் சுவிட்ச் அறையில் பாதி ஆயுளைக் கழித்தவனுக்குப் பனியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். பனியைப் பற்றி ஒன்றும் தெரியாதுதான். ஆனால் ஒரு மின்கட்டமைப்பு எப்படிச் சரியும் என்பதற்கு வெப்ப நாட்டிலும் குளிர் நாட்டிலும் ஒரே கணக்குத்தான்.

உற்பத்தியும் பயன்பாடும் நொடிக்கு நொடி சமமாக இருக்க வேண்டும். அந்தச் சமநிலை கெடுகிறதா என்பதை அலைவெண், அதாவது மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற எண், காட்டிக்கொடுக்கும். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. தைப்பூசத்துக்குத் தேர் இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடித்தவர்களில் சிலர் கையை விட்டால் தேர் மெதுவாகும், மற்றவர்கள் மேல் பாரம் கூடும். அவர்களும் கைவிட்டால் தேர் நடுத்தெருவில் நின்றுவிடும். பிப்ரவரி 15 அதிகாலையில் டெக்சஸில் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டன. அலைவெண் 59.3 வரை இறங்கியது. 59.4க்குக் கீழே நான்கு நிமிடங்களுக்கும் சற்று அதிகமாக நின்றது. அப்படியே ஒன்பது நிமிடங்கள் நின்றிருந்தால், எஞ்சியிருந்த நிலையங்களில் பலவும் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமாகவே கழன்றிருக்கும். மாநிலம் முழுவதும் இருண்டு, மீண்டும் எழுப்ப வாரக்கணக்கில் ஆகியிருக்கக்கூடும்.

அதைத் தடுக்கத்தான் மின்கட்டமைப்பை இயக்கும் எர்காட் அமைப்பு சுமையை, அதாவது பயன்பாட்டை, வெட்டச் சொன்னது. வெட்டு உச்சத்தில் 20,000 மெகாவாட்டைத் தொட்டது. அந்தக் கட்டளையைக் கொடுத்த கட்டுப்பாட்டு அறை ஊழியர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த நாற்காலியில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருக்க வேண்டும். ஆனால் விளைவு கொடுமையானது. 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருளில் மூழ்கின. சுழற்சி முறையில் வெட்டுவதாகச் சொன்னது சுழலவே இல்லை. வெட்ட வேண்டிய அளவு அத்தனை பெரிது. மருத்துவமனை இருக்கும் ஃபீடர்களை, அதாவது பகுதிகளுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் லைன்களை, தொடக்கூடாது என்றால், மற்ற ஃபீடர்களுக்கு நாள்கணக்கில் இருள்தான். நகர மையங்களில் ஆளில்லாத அலுவலகக் கோபுரங்கள் ஒளிர்ந்துகொண்டிருக்க, சற்றுத் தள்ளி வீடுகளில் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்தன. மாநிலச் சுகாதாரத் துறையின் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள்.

என் தொழில் கண்ணுக்கு மிகவும் உறுத்தியது எரிவாயு விவகாரம். மின்நிலையம் ஓட எரிவாயு வேண்டும். எரிவாயு கிணற்றிலிருந்து குழாய் வழியாக வர, அதை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசர்கள் ஓட வேண்டும். அவற்றில் பல மின்சாரத்தில் ஓடுபவை. அப்படிப்பட்ட இடங்களை அத்தியாவசியச் சுமை என்று மின்விநியோக நிறுவனத்திடம் பதிவு செய்துவைத்தால் வெட்டுப் பட்டியலில் இருந்து நீக்கிவிடுவார்கள். அதற்கு ஒரு படிவத்தை நிரப்பித் தந்தால் போதும். பலர் நிரப்பித் தரவில்லை. தந்தே தீர வேண்டும் என்ற சட்டமும் அன்று இல்லை. ஆகவே மின்கட்டமைப்பைக் காப்பாற்ற வெட்டிய வெட்டில் எரிவாயு நிலையங்களும் மாட்டிக்கொண்டன. எரிவாயு குறைந்தது, அதனால் மேலும் சில மின்நிலையங்கள் நின்றன, அதனால் மேலும் வெட்ட வேண்டியதாயிற்று. எங்கள் தொழிற்சாலையில் தீயணைப்புப் பம்புக்கு எந்த ஃபீடரிலிருந்து மின்சாரம் வருகிறது என்று கேட்டு ஆண்டுதோறும் ஆய்வாளர் என் உயிரை எடுப்பார். இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் வாழும் ஒரு மாநிலத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கும் வேலை ஒருவருக்கும் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.

ஆளுநர் கிரெக் அபட் அந்த வாரமே தொலைக்காட்சியில் தோன்றி, காற்றாலைகளையும் சூரியத் தகடுகளையும் கைகாட்டினார். காற்றாலைகளும் உறைந்தன என்பது உண்மை. ஓர் அணு உலையும் நின்றது. நீரழுத்தத்தை உணரும் ஒரு சிறு குழாய் உறைந்ததால் சுமார் 1,300 மெகாவாட் ஒரே தட்டில் போயிற்று. ஆனால் அமெரிக்கக் கூட்டரசின் (மத்திய அரசின்) எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் பிறகு நடத்திய ஆய்வில், டெக்சஸிலும் அண்டை மாநிலங்களிலும் பாதிக்கப்பட்ட 1,045 உற்பத்தி அலகுகளில் 58 விழுக்காடு எரிவாயு அலகுகள் என்று தெரியவந்தது. அலகுகள் நின்றதற்கு முதல் காரணம் உறைதல், இரண்டாவது எரிபொருள் வந்து சேராதது. உறையும் குழாயைச் சுற்றிக் காப்புப் பொதிவதும் சூடேற்றும் கம்பி ஓட்டுவதும் ராக்கெட் விஞ்ஞானம் அல்ல. கனடாவில் செய்கிறார்கள், டெக்சஸிலேயே சில இடங்களில் செய்திருந்தார்கள். மாநிலத்தின் மேற்கு மூலையிலுள்ள எல் பாசோ நகரம் எர்காட் கட்டமைப்பைச் சேர்ந்ததல்ல; 2011இல் பட்ட அடிக்குப் பிறகு அங்குள்ள மின்நிறுவனம் நிலையங்களைக் குளிருக்குத் தயார்படுத்தியது. 2021இல் அங்கே மின்சாரம் பெரும்பாலும் நிற்கவில்லை.

2011இல் பட்ட அடி என்றேனே, அதுதான் இந்த வழக்கின் மையம். அந்த ஆண்டு பிப்ரவரியிலும் இதே மாநிலத்தில் நிலையங்கள் உறைந்து மின்வெட்டு வந்தது. கூட்டரசு விசாரித்து, குளிர்காப்பு செய்யுங்கள் என்று விரிவான அறிக்கை கொடுத்தது. 1989லும் இப்படித்தான் நடந்தது என்று அந்த அறிக்கையே நினைவூட்டியது. பரிந்துரை பரிந்துரையாகவே கோப்பில் கிடந்தது. மாநிலத்துக்குள்ளேயே கட்டமைப்பை வைத்துக்கொண்டு கூட்டரசின் கட்டுப்பாட்டிலிருந்து விலகி நிற்பது டெக்சஸின் பல பத்தாண்டுப் பழக்கம். அது அவர்கள் உரிமை. ஆனால் மேலே இருப்பவரின் அதிகாரம் வேண்டாம் என்று விலகிக்கொண்டவர், அந்த வேலையைத் தாமே செய்ய வேண்டும் அல்லவா?

செய்யாததற்குக் காரணம் காசு. டெக்சஸ் சந்தையில் விற்ற மின்சாரத்துக்குத்தான் வருமானம். தேவைப்படும் நாளுக்காகத் தயாராக நிற்பதற்கென்று பெரிதாக ஒன்றும் கிடைக்காது. பற்றாக்குறை வந்தால் விலை எகிறும், அந்த ஆசையில் முதலாளிகள் தயாராக இருப்பார்கள் என்பது வகுத்தவர்களின் கணக்கு. மெகாவாட் மணிக்கு 9,000 டாலர் என்பது அன்றைய உச்சவரம்பு. அந்த வாரம் மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் மாநில ஆணையமே விலையை அந்த உச்சத்தில் நாள்கணக்கில் பிடித்துவைத்தது. உறைந்த கிணறு விலைப்பலகையைப் படிக்கவா போகிறது? சந்தை விலையை அப்படியே வீட்டுக்கு அனுப்பும் திட்டத்தில் இருந்தவர்களுக்கு ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்ததுதான் மிச்சம்.

நம் நாட்டில் இதற்கு நேர் எதிரான தவறு நடந்தது. 1992 செப்டம்பர் 29இல் தீபகற்ப மலேசியா முழுவதும் இருண்டது. அரசு பதறிப்போய்த் தனியார் மின்உற்பத்தியாளர்களுக்கு உரிமம் வழங்கியது. மின்சாரத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் தேசிய மின்நிறுவனமான தெனாகா நேஷனல் பணம் கட்ட வேண்டும் என்கிற ஒப்பந்தங்கள் அவை. அன்று தெனாகாவின் தலைவராக இருந்த தான் ஸ்ரீ அனி அரோப் அந்த நிபந்தனைகளை எதிர்த்தார். பின்னாளில் அதை வெளிப்படையாகவும் பேசினார். சில ஆண்டுகளில் நாட்டின் உற்பத்தித் திறன் உச்சத் தேவையைவிட 40 விழுக்காட்டுக்கும் மேல் கூடுதலாக நின்றது. அத்தனைக்கும் நடுவில் 1996 ஆகஸ்ட் 3, சனிக்கிழமை மாலை, திரெங்கானு பாக்காவில் தொடங்கிய கோளாறு மறுபடியும் முழுத் தீபகற்பத்தையும் சுமார் 16 மணி நேரம் படுக்கவைத்தது. அன்று நான் பணியில் இருந்தேன். ஜெனரேட்டரில் டீசல் எதுவரை வரும் என்று டாங்கியில் கோல் விட்டுப் பார்த்துக்கொண்டே இரவைக் கடத்தினோம்.

டெக்சஸைப் பார்த்துவிட்டு அந்தப் பழைய ஒப்பந்தங்களை இப்போது புகழ்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. தயாராக நிற்பதற்குப் பணம் கொடுக்கத்தான் வேண்டும். எவ்வளவு, யாருக்கு, எதற்கு என்று பில் கட்டுபவன் கேட்கவே முடியாதபடி கொடுத்ததைத் தொலைநோக்கு என்று அழைக்க என்னால் ஆகாது.

அரசா தனியாரா என்ற வழக்கு எனக்குச் சிறுவயதிலேயே அறிமுகம். கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தேன். தோட்டத்து ஜெனரேட்டர் மாலையில் ஓடும், இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். அதற்குமேல் படிக்க மண்ணெண்ணெய் விளக்கு. சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த மலாய்க்காரர் கம்பத்தில் (கிராமத்தில்) விடிய விடிய விளக்கு எரியும். அதிகாரிகளைக் கேட்டால், தோட்டம் தனியார் நிலம், நாங்கள் உள்ளே வர முடியாது என்பார்கள். நிர்வாகத்தைக் கேட்டால், மின்சாரம் கொடுப்பது அரசாங்கத்தின் வேலை என்பார்கள். தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு, வசதித் தரச் சட்டம் 1990இல் வந்து, அது முதலாளியின் கடமை என்று எழுதிவைத்தது. அதனால் எல்லா லயத்திலும் மறுநாளே விளக்கு எரிந்துவிடவில்லை. ஆனால் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது என்பது தெரிந்தது.

டெக்சஸ் மக்களுக்கு அந்த வாசலும் கிடைக்கவில்லை. எர்காட் என்பது இலாப நோக்கற்ற தனியார் நிறுவனம். பாதிக்கப்பட்டவர்கள் அதன்மேல் வழக்குப் போட்டார்கள். 2023 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம், எர்காட் அரசின் அங்கம் போன்றது, அரசுக்குரிய விலக்கு அதற்கும் உண்டு, வழக்குத் தொடர முடியாது என்று தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகளில் நால்வருக்கு உடன்பாடில்லை. அரசைக் கேட்டால் தனியார் சந்தை என்பார்கள். வழக்கு என்று வந்தால் அதுவே அரசாகிவிடுகிறது. எங்கள் தோட்ட நிர்வாகி இதைக் கேட்டிருந்தால் பொறாமைப்பட்டிருப்பார்.

அப்படியானால் எல்லாவற்றையும் அரசே நடத்திவிடலாமா? 2022 டிசம்பர் 23இல் அடித்த குளிரில் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் தன் வரலாற்றிலேயே முதன்முறையாக மின்வெட்டை அறிவித்தது. அது 1933இல் தொடங்கப்பட்ட, கூட்டரசுக்கே சொந்தமான அமைப்பு. அதே குளிரில் டெக்சஸில் சுழற்சி வெட்டு இல்லை. 2021 ஜூனில் ஆளுநர் கையெழுத்திட்ட சட்டம் குளிர்காப்பைக் கட்டாயமாக்கி, செய்யாதவர்களுக்கு அபராதமும் வைத்திருந்தது. சொத்து யார் பெயரில் இருக்கிறது என்பதைவிட, ஆய்வாளர் வந்து பார்க்கிறாரா, பார்த்ததற்குப் பின் தண்டிக்க அவருக்கு அதிகாரம் இருக்கிறதா என்பதையே நான் முதலில் கேட்பேன்.

மலேசியாவில் நடக்குமா? பனியால் நடக்காது. ஆனால் ஒரே நேரத்தில் பல நிலையங்களின் எரிபொருள் நிற்பதற்குப் பனிதான் வேண்டும் என்றில்லை. பேராக் மஞ்சோங்கிலும் ஜோகூர் தஞ்சோங் பின்னிலும் எரிவது கடல் கடந்து வரும் நிலக்கரி, அதில் பெரும்பங்கு இந்தோனேசியாவிலிருந்து. 2022 ஜனவரியில் தன் நாட்டு மின்நிலையங்களுக்கே போதவில்லை என்று இந்தோனேசியா ஏற்றுமதியைத் திடீரென நிறுத்தியது. சில வாரங்களில் தளர்த்திவிட்டார்கள். நமக்கு விளக்கு அணையவில்லை, செய்தியும் இரண்டு நாளில் மறைந்தது. நிலையங்களின் முற்றத்தில் எத்தனை நாளுக்கான நிலக்கரி கிடக்க வேண்டும், அதை எரிசக்தி ஆணையத்திலிருந்து யார் போய் அளக்கிறார்கள், குறைந்தால் அபராதம் என்ன என்பவற்றை நாடாளுமன்றத்தில் ஆண்டுக்கு ஒருமுறையாவது கேட்க வேண்டும். அங்கே கட்டண உயர்வைப் பற்றித்தான் சத்தம் கேட்கிறது.

கடைசியாக, மக்களும் தாங்களே தயாராக இருக்க வேண்டாமா என்ற வாதம். டெக்சஸில் கொலராடோ சிட்டி என்ற சிற்றூரின் மேயர், உங்களைக் காப்பாற்றுவது நகராட்சியின் கடமை அல்ல, வலுத்தவர் பிழைப்பார் என்ற பொருளில் எழுதினார். பதிவு பரவியதும், பதவி விலகிவிட்டதாக அறிவித்தார். மக்கள் தாங்களே தயாராகத்தான் பார்த்தார்கள். வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டினார்கள், மூடிய கராஜில் காரை ஓடவிட்டுச் சூடு பிடித்தார்கள். கார்பன் மோனாக்சைடு நச்சால் நூற்றுக்கணக்கானவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள், சிலர் இறந்தார்கள். இதைப் படிப்பவர் வீட்டில் சிறிய ஜெனரேட்டர் இருந்தால், கதவு சன்னலிலிருந்து தள்ளி வெளியே வைத்து ஓட்டுங்கள். அதை வீட்டுச் சுவர் பிளக்கில் நேராகச் சொருகாதீர்கள். மின்கம்பத்தில் ஏறி லைனைச் சரிசெய்பவருக்கு மின்சாரம் அடிக்கும்.