கிரகணத்தன்று கர்ப்பிணி காய் நறுக்கினால் குழந்தைக்கு உதடு பிளவுபடுமா?

ஐந்து மாதக் கர்ப்பிணியான உங்கள் மருமகள் கிரகண நேரத்தில் அரிவாள்மனையைத் தொடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகத் தொடலாம். கருவில் மேலுதடு 4 முதல் 7 வாரங்களுக்குள்ளும் அண்ணம் (வாயின் மேற்கூரை) 6 முதல் 9 வாரங்களுக்குள்ளும் கூடிவிடுவதால், ஐந்தாம் மாதத்தில் நிகழும் எந்தக் கிரகணமும் அதைப் பிளக்க வழியில்லை. மரபணுக் கூறுகள், புகைப்பழக்கம், கருத்தரிக்கும் முன்பே தாய்க்கு இருக்கும் சர்க்கரை நோய், சிலவகை வலிப்பு மருந்துகள் ஆகியவையே இப்பிளவுக்கான வாய்ப்பைக் கூட்டுபவை.

2019 டிசம்பர் 26 காலையில் கோவை, ஈரோடு, கரூர்ப் பகுதிகளில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தபோது, நிறைமாதமாயிருந்த என் தங்கையை உள்ளறையில் உட்கார வைத்து, ஜன்னலில் போர்வையைக் கட்டிவிட்டு, எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) தாம்பாளத்து நீரில் உலக்கையை நிறுத்தினார். அது நின்றது, அடி சமமாக இருந்தால் எந்த நாளிலும் நிற்கும். ஆனால் எட்டு மணி முதல் பதினொன்றரை வரை ஒரு வாய்த் தண்ணீரும் இல்லாமல் அவள் உதடு வறண்டு கிடந்ததுதான் எனக்கு இன்றும் வருத்தம். அம்மிச்சியின் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. பட்டினியைத்தான் வேண்டாம் என்கிறேன்.

மருமகள் வேளைக்குச் சாப்பிட்டு, மாத்திரைகளைத் தவறாமல் எடுத்துக்கொள்ளட்டும். சூரியனை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது என்பது மட்டும் வீட்டில் எல்லோருக்கும் பொருந்தும்.