பூனை கீரைத் தொட்டியைக் கிளறுகிறதா?

வணக்கம் சகோதரி. கிருஷ்ணகிரி வீட்டு மொட்டை மாடியில் வெந்தயக்கீரை விதைத்த தொட்டிகளை உங்கள் பூனை கிளறி, அதிலேயே மலம் கழிக்கிறது, அந்துருண்டை போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். அதிலுள்ள நாப்தலீன் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். காபித்தூளும் வேண்டாம், கஃபீன் அதற்கு நஞ்சு.

பூனை தேடுவது உலர்ந்த, பொலபொலவென்ற மண்ணை. விதைக்கத் தயாரான தொட்டி அதற்கு அப்படியே பொருந்துகிறது, பாவம், அதன்மேல் தப்பில்லை. விதைத்ததும் கோழிவலையை மண்மேல் படிய விரித்துக் கட்டுங்கள். கீரை கண்ணி வழியே மேலே வந்துவிடும். ரோஜா, கறிவேப்பிலைத் தொட்டிகளுக்குக் கருங்கல் ஜல்லி பரப்பினால் போதும். நம் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை.

கூடவே, சந்தடியில்லாத மூலையில் அகலமான தட்டில் மணல் வையுங்கள். வேறு இடம் காட்டாமல் தடுத்தால் வீட்டுக்குள் எங்காவது போய்விடும். தினமும் அள்ளிவிடுங்கள். மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா கிருமி இருந்தால், அது தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாள் ஆகும். கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்ய வேண்டாம். இப்போது அசுத்தமான தொட்டிகளின் கீரையைச் சமைக்காமல், மண்ணோடு மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று. ஓசூர்ப் பக்கம் நர்சரியில் ஆசியாட்டிக், ஓரியண்டல் லில்லி ஏதாவது வாங்கி வைத்திருந்தால் இன்றே யாருக்காவது கொடுத்துவிடுங்கள், பூனை வளர்க்காத வீடாகப் பார்த்து. உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே அதன் சிறுநீரகம் செயலிழக்கலாம்.