கூச்சல் இருக்கட்டும், ஓட்டு எங்கே?

டிவியில் நாடாளுமன்றத்தைப் போட்டாலே கூச்சல்தான். இந்த அவை மேல் எப்படி நம்பிக்கை வரும்? (வாசகர், திண்டுக்கல்)

எனக்குக் கூச்சல் பெரிய குறையாகத் தெரியவில்லை. யார் எதற்கு ஓட்டுப் போட்டார் என்பதே தெரியாமல் சட்டம் நிறைவேறுகிறதே, அதுதான் உறுத்துகிறது. 2020 செப்டம்பர் 20 அன்று வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவைக்கு வந்தபோது, ஓட்டை எண்ணுங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. கேட்டவர்கள் தங்கள் இருக்கையில் இல்லை என்று காரணம் சொல்லி, அவையை நடத்தியவர் குரல் வாக்கெடுப்பிலேயே முடித்துவிட்டார். 'ஆம்', 'இல்லை' என்று எழும் குரலில் பெயர் பதிவாகாது. அப்புறம் விவசாயிகள் டெல்லி எல்லையில் ஒரு வருடம் உட்கார்ந்த பிறகு, 2021 நவம்பர் 29 அன்று அதே சட்டங்களை ரத்து செய்தபோதாவது பேசினார்களா என்றால், விவாதமே இல்லாமல் இரண்டு அவைகளிலும் ஒரே நாளில் காரியம் முடிந்தது. முக்கியமான மசோதா என்றால் யாரும் கேட்காமலே எண்ணி ஓட்டெடுக்க வேண்டும், பட்டியலை அன்று மாலையே தொகுதிக்காரர் பார்க்க முடிய வேண்டும்.

கட்சி சொன்னபடிதானே எம்.பி. ஓட்டுப் போடுகிறார், பெயர் தெரிந்து என்ன பயன்? (வாசகி, நாகர்கோவில்)

சரியான இடத்தில் பிடித்தீர்கள். 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை, அதாவது இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்ற கட்சிக் கட்டளையை மீறினால் பதவியே போகலாம். ஆட்சி கவிழும் ஓட்டுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதில் எம்.பி.யை விட்டுவிடுங்கள் என்ற ரீதியில் தேர்தல் சீர்திருத்தத்துக்கான தினேஷ் கோஸ்வாமி குழு 1990-லேயே சொல்லிவிட்டது, யாரும் அசையவில்லை, எந்தக் கட்சிக்குத்தான் அசைய மனம் வரும்? ஆனால் மசோதாக்களை அலசிப் பார்க்கும் எம்.பி.க்களின் நிலைக்குழுக்களில் கொறடா கிடையாது, கேமராவும் கிடையாது, அதனால் அங்கே எல்லாக் கட்சிக்காரர்களும் ஓரளவு மனம்விட்டுப் பேசுகிறார்கள். 15வது மக்களவைக் காலத்தில் (2009-14) நூற்றுக்கு 71 மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17வதில் (2019-24) வெறும் 16. உங்கள் எம்.பி. ஓட்டுக் கேட்டு வந்தால், எந்தக் குழுவில் இருந்தீர்கள், எத்தனை கூட்டத்துக்குப் போனீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

எங்கள் ஊர் எம்.பி.யாக இருந்த தம்பிதுரைக்குப் பிறகு மக்களவைத் துணை சபாநாயகர் யார்? (வாசகர், கரூர்)

அவர் 2019 வரை இருந்தார். அடுத்து வந்த 17வது மக்களவை முழுக்க அந்த நாற்காலி காலி! அரசியல் சட்டத்தின் 93வது பிரிவு 'கூடிய விரைவில்' தேர்ந்தெடுக்கச் சொல்கிறது, எத்தனை நாளைக்குள் என்று மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்கள்.