65,000 ரூபாய் ஃபயர்வால் வாங்கலாமா?

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலை நடத்துகிறோம். ஆபீஸில் 7 கம்ப்யூட்டர், ஒன்றில் டேலி கணக்கு சாஃப்ட்வேர். ஆடிட்டர் சேலத்தில் இருந்தபடியே அதில் நுழைந்து கணக்குப் பார்ப்பார். சீசனில் வைரஸ் வந்தால் எல்லாம் போச்சு என்று சொல்லி, ஒருவர் ஃபயர்வால் (இன்டர்நெட்டிலிருந்து வருவதை வடிகட்டும் காவல்) பெட்டிக்கு 65,000 ரூபாய் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். ரூட்டரிலேயே ஃபயர்வால் இருக்கு, வேண்டாம் என்கிறான் மகன். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் மகன் சொல்வது முக்கால்வாசி சரி. நீங்கள் கேட்காமல் வெளியிலிருந்து தானாக வரும் எதையும் சாதாரண ரூட்டரே உள்ளே விடாது. விண்டோஸிலும் ஃபயர்வால் உண்டு. 2004இல் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 முதல் அது தானாகவே ஓடுகிறது. டேலி கனெக்ட் ஆகவில்லை என்று சர்வீஸுக்கு வந்த பையன் அதை ஆஃப் செய்துவிட்டுப் போயிருப்பான், அதை மட்டும் பாருங்கள்.

எனக்கு இடிப்பது உங்கள் ஆடிட்டர் விஷயம்தான். ரூட்டரில் 'போர்ட் ஃபார்வர்டிங்' (வெளியிலிருந்து உள்ளே வர வழி திறந்துவிடும்) பக்கத்தைத் திறந்து பாருங்கள். 3389 என்ற எண் அங்கே இருந்தால், ரிமோட் டெஸ்க்டாப், அதாவது தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கும் வசதி, ஊர் உலகத்துக்கே திறந்து கிடக்கிறது. ஆடிட்டருக்கு வரும் அதே லாகின் திரை எவனுக்கும் வரும். பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க ராப்பகலாக ஓடும் புரோகிராம்கள் இருக்கின்றன. ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் கும்பல்கள் வழக்கமாக நுழையும் வழி இது. எண்ணை 3390 ஆக்கினாலும் தேடிப் பிடித்துவிடுவார்கள். அதே போர்ட்டைப் புதுப் பெட்டியிலும் திறந்து கொடுத்தால், கேட்டில் வாட்ச்மேனை நிறுத்திவிட்டுப் பின்வேலியைப் பிரித்து வைத்த கதைதான். அந்த வரியை அழித்துவிட்டு, ஆடிட்டரை விபிஎன் (உரியவர் மட்டும் நுழையும் பூட்டிய தனிப்பாதை) வழியாக வரச் சொல்லுங்கள். கேமரா பதிவாகும் டிவிஆர் பெட்டிக்கும் இப்படித் திறந்து வைத்திருப்பார்கள், அதையும் மூடுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகும் பெட்டி வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள். ஆனால் அந்த 65,000இல் லைசென்ஸ் எத்தனை வருஷத்துக்கு என்று கேளுங்கள். லைசென்ஸ் முடிந்தால் பெரும்பாலான பெட்டிகளில் வைரஸ் பட்டியல் அப்டேட் ஆகாது. அடிப்படை வேலை மட்டும் நடக்கும். வருஷா வருஷம் ரெனியூவலுக்கு எவ்வளவு என்பதை கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். நோட்டீஸில் பெரிதாகப் போட்டிருக்கும் வேகம், வைரஸ் இருக்கிறதா என்று எந்தச் சோதனையும் செய்யாதபோது வருவது. எல்லாச் சோதனையையும் ஆன் செய்தால் அதில் ஒரு பங்குதான் தேறும். அந்த எண்ணைக் கேளுங்கள். அட்மின் பாஸ்வேர்ட் உங்கள் கையில் இருக்கட்டும். தொழிலுக்கு வாங்கும் பொருளுக்கு நுகர்வோர் நீதிமன்றம் போவது சுலபமில்லை, அதனால்தான் எழுத்தில் வாங்கச் சொல்கிறேன்.

கணக்குப் பிள்ளை செருகும் பென் டிரைவை எந்தப் பெட்டியும் தடுக்காது. 2017 மே மாதம் உலகையே ஆட்டிய வான்னாக்ரை வைரஸைத் தடுக்க மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே அப்டேட் கொடுத்திருந்தது. அதைப் போடாதவர்கள்தான் மாட்டினார்கள். விண்டோஸ் 10க்கு இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14ஓடு நின்றுவிட்டது. உங்கள் ஏழில் எத்தனை இன்னும் அதில் ஓடுகிறது? நானாக இருந்தால் 65,000இல் முதல் செலவு அந்தக் கம்ப்யூட்டர்களுக்குத்தான். அடுத்து ஒரு ஹார்டு டிஸ்க்: டேலி பேக்கப் எடுத்ததும் கழற்றி வீட்டு பீரோவில் வைக்க.