வாழைப்பழ பிரெட் மேலே நன்றாக உப்பி வருகிறது, வெட்டினால் அடியில் களி மாதிரி நிற்கிறது. ஏன்? வீட்டில் சரியாகச் செய்வது எப்படி?

பெரும்பாலும் பழத்தின் எடைதான் காரணம். செய்முறையில் '3 வாழைப்பழம்' என்று போட்டிருப்பார்கள், நாமும் மூன்றை உரித்துப் போட்டுவிடுகிறோம். இந்தப் பண்டம் 1930-களில் அமெரிக்க வீடுகளில் பரவியது. அந்த ஊர்க் கணக்கில் நடுத்தரமான ஒரு பழம் தோலில்லாமல் 115 கிராம் அளவில் இருக்கும். நம் கடையில் தொங்கும் பெரிய பச்சை வாழைப்பழம் அதைத் தாண்டும். பூவன் அதில் பாதிதான் வரும். வாழைப்பழச் சதையில் முக்கால் பங்கு தண்ணீர். ஆக 100 கிராம் பழம் கூடிப்போனால், மாவில் ஐந்து மேசைக்கரண்டி தண்ணீரைக் கூடுதலாக ஊற்றியதற்குச் சமம். அந்த ஈரம்தான் அடியில் களியாக நிற்கிறது. எனவே எண்ணாதீர்கள், உரித்து எடை போடுங்கள்.

9×5 அங்குல லோஃப் டின் (பிரெட் வடிவ நீளப் பாத்திரம்) ஒன்றுக்கு அளவு இது. மைதா 250 கிராம், சமையல் சோடா தலைதட்டி 1 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, பட்டைத்தூள் அரைத் தேக்கரண்டி. ஈரப் பக்கத்துக்கு மசித்த பழம் 300 கிராம், நாட்டுச்சர்க்கரை அல்லது பிரவுன் சுகர் 150 கிராம், மணமில்லாத எண்ணெய் 100 மில்லி, முட்டை 2, புளித்த தயிர் 60 கிராம், வெனிலா எசென்ஸ் 1 தேக்கரண்டி. விருப்பமிருந்தால் வால்நட் 75 கிராம். எண்ணெய்க்குப் பதில் உருக்கிய வெண்ணெய் 115 கிராம் போடலாம். மணம் கூடும், ஆனால் ஃபிரிட்ஜில் வைத்தால் எண்ணெய் போட்டதைவிட இறுகும்.

பழம் எவ்வளவு கனிந்திருக்க வேண்டும்? தோலில் பாதிக்கு மேல் கறுத்திருக்க வேண்டும். பழுக்கப் பழுக்க மாவுச்சத்து சர்க்கரையாகிறது, மணமும் அப்போதுதான் ஏறுகிறது. மஞ்சளாக, கெட்டியாக இருக்கும் பழத்தில் செய்தால் சப்பென்றிருக்கும். தோலோடு ஓவனில் வைத்துக் கறுக்கச் செய்யும் குறுக்குவழியில் பழம் மசியும், ஆனால் தானாகக் கனிந்த ருசி வராது. இரண்டு நாள் பொறுப்பது மேல். கறுத்த பழம் சேர்ந்துவிட்டால் உரித்து ஃப்ரீசரில் வையுங்கள். உருகும்போது வடியும் நீரைக் கொட்டாமல் அதையும் சேர்த்தே எடை போடுங்கள். வகையைக் கேட்டால் பச்சை வாழைதான் முதல் தேர்வு. பூவன் லேசான புளிப்போடு நன்றாகவே வரும். நேந்திரனை நன்றாகக் கறுக்கவிட்டால் ஒழிய வேண்டாம், சதை இறுக்கம்.

செய்முறை எளிது. முதலில் ஓவனை 175 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் சூடேற்றுங்கள். டின்னில் எண்ணெய் தடவி, இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி பட்டர் பேப்பர் போடுங்கள். மைதா, சோடா, உப்பு, பட்டைத்தூள் நான்கையும் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். இதைச் சோம்பேறித்தனத்தில் விட்டால் சோடா கட்டி தட்டி, ஒரு துண்டில் மட்டும் நாக்கில் சோப்பு மாதிரி கசக்கும். பழத்தை முட்கரண்டியால் மசியுங்கள். பட்டாணி அளவில் சில கட்டிகள் இருக்கலாம். மிக்ஸியில் அடித்தால் கூழாகிவிடும், வேண்டாம். அதில் சர்க்கரை, எண்ணெய், முட்டை, தயிர், எசென்ஸ் சேர்த்து நன்றாகக் கலக்குங்கள். இந்தக் கட்டம் வரை எவ்வளவு அடித்தாலும் கெடுதல் இல்லை.

மாவைச் சேர்த்த பிறகுதான் கையை அடக்க வேண்டும். பிரெட் என்று பெயரே தவிர இதில் ஈஸ்ட் கிடையாது, பிசைவதும் கிடையாது. அகலமான கரண்டியால் அடியிலிருந்து மேலே மடித்து மடித்து, பதினைந்து முறைக்குள் முடித்துவிடுங்கள். அங்கங்கே வெள்ளைக் கோடு தெரிந்தால் பரவாயில்லை. இட்லி மாவைக் கரைப்பது போல் சுற்றிச் சுற்றிக் கலக்கினால் மைதாவில் உள்ள குளூட்டன் என்ற புரதம் இறுகும். வெந்தபின் உள்ளே எறும்புப் புற்று மாதிரி நீளநீளக் குழாய்கள், வாயில் ரப்பர். உங்கள் களிக்கு இரண்டாவது காரணம் இதுவாக இருக்கலாம். மாவு இட்லி மாவைவிடக் கெட்டியாக, கரண்டியைச் சாய்த்தால் பொத்தென்று விழும் பதத்தில் இருக்கும். ஈரம் பட்டவுடன் சோடா வேலை செய்யத் தொடங்கிவிடும். தயிர் சேர்ப்பதே அதற்குப் புளிப்பு கொடுக்கத்தான், பழத்தின் புளிப்பு மட்டும் போதாது. ஆகவே கலந்த பத்து நிமிடத்துக்குள் டின் ஓவனுக்குள் போய்விட வேண்டும். டின்னில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள்.

ஓடிஜியில் (மேடைமேல் வைக்கும் சிறிய மின் ஓவன்) மேல், கீழ் இரண்டு கம்பியும் எரிய, 55 முதல் 65 நிமிடம். டின்னைக் கீழ்த்தட்டில் வையுங்கள், மேல்கம்பிக்கு அருகே வைத்தால் தலை கருகி வயிறு வேகாது. 40 நிமிடம் வரை கதவைத் திறக்காதீர்கள், நடுப்பகுதி பொத்துக்கொண்டு அமுங்கிவிடும். அதன்பின் மேற்புறம் அதிகமாகச் சிவந்திருந்தால் அலுமினியம் ஃபாயிலைத் தளர்வாக மூடலாம். ஓடிஜியின் திருகில் 175 என்றிருந்தாலும் உள்ளே அதே சூடு இருக்கும் என்று நம்பாதீர்கள். உள்ளே தொங்கவிடும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குவது, புதிதாக ஒரு டின் வாங்குவதைவிடப் பயன் தரும்.

வெந்ததா என்று பல்குச்சியால் பார்க்கும்போது நடுவில் இரண்டு இடங்களில் குத்துங்கள். ஒன்று பழக்கட்டியில் போய் ஈரம் காட்டி ஏமாற்றும். ஈரத் துணுக்கு ஒட்டினால் சரி, பிசுபிசுவென்று மாவு ஒட்டினால் இன்னும் எட்டு நிமிடம். குத்திப் பார்க்கும் சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 95 டிகிரி காட்ட வேண்டும். மேலே நீளமாக வெடிப்பது குறை அல்ல. மேல்தோல் இறுகிய பிறகும் உள்ளே உப்புவதால் வரும் வெடிப்பு அது.

எடுத்த சூட்டில் வெட்டாதீர்கள். 10 நிமிடம் டின்னிலேயே இருக்கட்டும், பிறகு பேப்பரைப் பிடித்துத் தூக்கிக் கம்பித்தட்டில் ஆறவிடுங்கள். அதிகமாக நேரம் டின்னிலேயே விட்டால் அடிப்பாகம் வியர்த்து நசநசத்துவிடும். முழுதாக ஆற ஒன்றரை மணிநேரமாவது ஆகும். சூடாக வெட்டினால் சரியாக வெந்ததுகூடக் களி மாதிரிதான் தெரியும். மறுநாள் இன்னும் ருசி. உள்ளே தெரியும் கறுப்புக் கோடுகள் பழத்தின் நடுநரம்பு, பயப்பட ஒன்றுமில்லை.

இவ்வளவும் சரியாக இருந்தும் உப்பவில்லை என்றால் சோடாவைச் சந்தேகியுங்கள். அரைத் தேக்கரண்டி சோடாவில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டால் உடனே பொங்க வேண்டும். முட்டை வேண்டாம் என்பவர்கள் தயிரை மொத்தம் 150 கிராமாக்கி, பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி சேர்க்கலாம். கொஞ்சம் அடர்த்தியாக வரும்.

ஓவன் இல்லாவிட்டால் பழைய அடிகனமான பாத்திரத்தில் உப்பைப் பரப்பி, ஸ்டாண்டு வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடேற்றி, 7 அங்குல வட்ட டின்னில் சிறு தீயில் 50 நிமிடத்திலிருந்து சோதித்துப் பாருங்கள். மேற்புறம் சிவக்காது, உள்ளே குறை இருக்காது. தினமும் புழங்கும் அலுமினியக் குக்கரைத் தண்ணீரில்லாமல் இப்படி எரிக்க வேண்டாம், அடி வளைந்துவிடும். வெளியே வைத்தால் நம் வெக்கையில் இரண்டு நாள், ஃபிரிட்ஜில் ஐந்து நாள் தாங்கும்.