பாட்டுக்கு அடியில் பாட்டி குரல்: வி.சி.ஆர் ஆடியோ செட்டிங், கேள்வி பதில்

பழைய வீடியோ கேசட்டை வி.சி.ஆர் மெஷினில் ஓட்டிக் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது சத்தம் சரியாக வரவில்லை என்று நம் ஊர்ப் பக்கமிருந்து நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். கிருஷ்ணகிரியில் ரொம்ப வருஷம் கல்யாண வீடியோ எடுத்தவன் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

காவேரிப்பட்டணம்: அண்ணா, அப்பா அம்மா கல்யாண கேசட். படம் நன்றாக இருக்கிறது, சத்தம் மட்டும் விட்டு விட்டு கர்ரென்று இரைகிறது. கேசட் போய்விட்டதா?

போகவில்லை தம்பி. வி.எச்.எஸ் என்கிற இந்த வகை வீடியோ கேசட்டில் சத்தம் இரண்டு இடத்தில் இருக்கும். டேப்பின் ஓரமாக நீளத்துக்கு ஓடுவது நார்மல் டிராக், இதை எல்லா மெஷினும் படிக்கும். 1980களின் நடுவில் வந்த ஹைஃபை மெஷின்கள் அதோடு நிற்காமல், சுற்றுகிற டிரம்மில் உள்ள ஹெட் வழியாகப் படத்துக்கு அடியிலும் ஸ்டீரியோவாகப் பதிந்துவிடும். கேட்க அருமையாக இருக்கும், ஆனால் டிராக்கிங், அதாவது டேப்பில் பதிந்த கோட்டின்மேல் ஹெட் சரியாக ஓடுவது, கொஞ்சம் பிசகினாலும் இரையும். படத்தைப் பார்க்காமல் காதை மட்டும் வைத்து டிராக்கிங்கை மெதுவாக நகர்த்துங்கள். அடங்கவில்லையா, மெஷினில் உள்ள ஆடியோ பட்டனை நார்மலுக்கு மாற்றுங்கள். சத்தம் சப்பென்று இருக்கும், ஆனால் அறுபடாது.

பாலக்கோடு: எங்கள் கேசட்டில் முகூர்த்தம் முழுக்க சினிமா பாட்டுதான். நாதஸ்வரமும் பேச்சும் இனி கிடைக்காதா அண்ணா?

அம்மா, கிடைக்க வாய்ப்பு இருக்கிறது, தயவுசெய்து கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆடியோ டப் என்று பாட்டு ஏற்றும்போது அழிவது ஓர டிராக் மட்டும்தான். ஹைஃபை சத்தம் படத்துக்கு அடியில் கிடப்பதால், படத்தை அழிக்காமல் அதை அழிக்க முடியாது. ஹைஃபை மெஷினில் பதிந்த டேப்பாக இருந்து, அதன்மேலேயே பாட்டு ஏற்றியிருந்தால் பழைய சத்தம் அப்படியே இருக்கும். முகப்பில் ஹைஃபை என்று எழுதியிருக்கிற மெஷினில் போட்டு ஹைஃபைக்கு மாற்றிக் கேளுங்கள். ஊத்தங்கரையில் ஒரு வீட்டில் இப்படி மாற்றினேன், பாட்டு நின்றது, "பொண்ணுக்குக் குடிக்கத் தண்ணி குடுங்கடி" என்று அவர்கள் பாட்டியின் குரல். அந்த அம்மா ரிமோட்டை என்னிடமிருந்து வாங்கி, அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டினார். உங்களிடம் இருப்பது ஒரிஜினலிலிருந்து எடுத்த காப்பி என்றால் பாட்டு ஓர டிராக், ஹைஃபை இரண்டிலும் ஏறியிருக்கலாம், அதனால் ஒரிஜினலைத் தேடிப் பிடியுங்கள்.

ஓசூர்: ஆடியோ பட்டனில் மிக்ஸ் என்று ஒன்று இருக்கிறதே, அது எதற்கு சார்?

டப் செய்த குரலையும் பழைய சத்தத்தையும் சேர்த்துக் கேட்க. டப் செய்யாத கேசட்டுக்கு வேண்டாம், ஒரே சத்தம் இரட்டித்த மாதிரி கேட்கும்.

அரூர்: கம்ப்யூட்டரில் இடது பக்கம் மட்டும் சத்தம் வருகிறது.

உங்கள் மெஷின் மோனோ, அதில் ஆடியோ அவுட் ஒன்றுதான். ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் மோனோ என்று வைத்தால் போதும்.

பென்னாகரம்: தாத்தா ஆடிய தெருக்கூத்து. எல்.பி ஸ்பீடில் எடுத்தது, சத்தம் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறது.

நம் நாட்டு டிவி முறையான PAL-இல், எஸ்.பி என்கிற சாதாரண ஸ்பீடில் டேப் நொடிக்கு 2.3 சென்டிமீட்டர் சொச்சம் நகரும், எல்.பியில் அதில் பாதி. ஓர டிராக் அந்த வேகத்தை நம்பித்தான் இருக்கிறது, அதனால் முகவீணையின் கூர்மை கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஹைஃபைக்கு இந்தத் தொல்லை இல்லை, டிரம் எப்போதும் நிமிஷத்துக்கு 1500 சுற்று. ஆனால் போர்வை மூடிய மாதிரி என்றால் ஆடியோ ஹெட்டில் அழுக்கும் இருக்கும். மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, டிரம்மைத் தாண்டி வலப்பக்கம் அசையாமல் நிற்கிற ஹெட்டைத் துடையுங்கள். குச்சி பழுப்பாக வரும், வெள்ளையாக வரும்வரை துடையுங்கள். டிரம் பக்கம் மட்டும் அந்தக் குச்சியைக் கொண்டு போகாதீர்கள், பஞ்சு மாட்டினால் வீடியோ ஹெட் உடைந்துவிடும்.