தாச்சாவும் பண்ணைவீடும்

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் சிலர் சேர்ந்து ரஷ்ய எழுத்தாளர் செகாவின் ‘செர்ரிப் பழத்தோட்டம்’ நாடகத்தைத் தமிழாக்கி வருகிறோம். கோடைக்கால வீட்டைக் குறிக்கும் ‘தாச்சா’ என்ற சொல்லைப் ‘பண்ணைவீடு’ என்று எழுதலாமா? ரஷ்யச் சொல்லை அப்படியே வைத்தால் வாசகர் மிரண்டுவிட மாட்டாரா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

எழுதக் கூடாது என்பேன், ஏனென்றால் அந்த நாடகத்தின் சண்டையே இரண்டு வகை வீடுகளுக்கு இடையில்தான் நடக்கிறது. ரனேவ்ஸ்கயா அம்மையாரின் வீடு ‘உசாத்பா’: தலைமுறைகளாகக் கைமாறி வந்த, ஒருகாலத்தில் பண்ணையடிமைகளின் உழைப்பில் நின்ற நிலக்கிழார் மாளிகை. அதே பண்ணையில் அடிமைகளாய் இருந்தவர்களின் வாரிசான லோபாஹின், தோட்டத்தை வெட்டி மனைகளாகப் பிரித்து, கோடைக்கு நகரத்திலிருந்து வருபவர்களின் தாச்சாக்களுக்குக் குத்தகைக்கு விட்டால் தெசியத்தினாவுக்கு (ஒரு எக்டருக்குச் சற்றுக் கூடுதல்) ஆண்டுக்கு 25 ரூபிளாவது தேறும் என்று கணக்குச் சொல்கிறான். தாச்சா என்பதே மட்டமான சங்கதி என்று அம்மையார் முகம் சுளிக்கிறார். இரண்டையும் பண்ணைவீடு என்று எழுதிவிட்டால், பண்ணைவீட்டுக்காரி பண்ணைவீடு கட்ட ஏன் மறுக்கிறாள் என்று வாசகர் விழிப்பார்.

தாச்சாவின் வேர் ‘கொடு’ என்னும் பொருளுள்ள ‘தாத்’ என்ற ரஷ்ய வினை. முதலில் அரசர் அளித்த நிலத்தையே அது குறித்தது. பீட்டர்ஸ்பர்கிலிருந்து பீட்டர்ஹோஃப் செல்லும் சாலையோரம் மகா பீட்டர் தம் பிரபுக்களுக்கு அப்படித்தான் நிலம் வழங்கினார். வடமொழித் ‘தானம்’ இதற்குத் தூரத்து உறவு. நம் ‘தா’வோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல், அதன்மேல் எதையும் கட்டிவிடாதீர்கள். ஆனால் ஆங்கில வழியில் ‘டாச்சா’ என்று எழுதவும் வேண்டாம், ரஷ்ய ஒலி தானத்தின் முதலெழுத்தேதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது நடுத்தர வர்க்கத்தார் கோடைக்கு வாடகை பிடிக்கும் மரவீடாயிற்று. சோவியத் காலத்தில் எழுத்தாளர்களுக்கு மாஸ்கோவை அடுத்த பெரதேல்கினோவில் தாச்சாக்கள் கிடைத்தன. கவிஞர் பஸ்தெர்நாக் 1960இல் அங்கேதான் இறந்தார். சாதாரணத் தொழிலாளிக்குக் கிடைத்ததோ ‘ஆறு சோத்கா’. நம் சென்ட் ஏக்கரில் நூறில் ஒன்று என்றால், சோத்கா எக்டரில் நூறில் ஒன்று. ஆகமொத்தம் 600 சதுர மீட்டர், ஏறத்தாழ 15 சென்ட். குளிர்காலக் கடைசியில் அடுக்குமாடி வீட்டின் சன்னலோரத்தில், வெட்டிய பால் அட்டைப்பெட்டிகளில் தக்காளி விதையிட்டு, வசந்தத்தில் அந்த நாற்றுகளை மடியில் வைத்துப் புறநகர் ரயிலில் கொண்டுபோய் நடுவார்கள். வீட்டில் கழித்துக்கட்டிய நாற்காலியும் கட்டிலும் அங்கே போய்ச் சேரும்.

இதைச் செகாவ் 1904இல் அரங்கேறிய நாடகத்திலேயே தொட்டிருக்கிறார் என்பதுதான் வியப்பு. தாச்சாக்காரன் இப்போது பால்கனியில் தேநீர் மட்டுமே குடிக்கிறான், நாளை தன் துண்டு நிலத்தில் பயிர் செய்யவும் தொடங்கலாம் என்கிறான் லோபாஹின். சொல்லுக்கு விளக்கம் அந்த வசனத்திலேயே இருப்பதால் அடிக்குறிப்பு தேவைப்படாது. உசாத்பாவுக்குப் ‘பண்ணை மாளிகை’ பொருந்தும். தாச்சா தாச்சாவாகவே இருக்கட்டும்.